மணி ஒலித்ததும் எழுந்து வருபவர் யார்?

படுக்கையிலிருந்து எழும் முதியோர் விழாமல் காக்க உதவும் அசைவு எச்சரிக்கை மணி: ஒரு விளக்கம்

ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்கள் வாழ்நாள் சான்று அளிக்க வரும் நவம்பர் மாதத்தில், எங்கள் கிளைகளில் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி ஒன்று உண்டு. தந்தை இவ்வாண்டு நேரில் வர இயலாது என்றும், இரவில் கழிவறைக்குச் செல்ல எழுந்தபோது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்றும் மகனோ மகளோ வந்து தெரிவிப்பர். சென்ற ஆண்டு வரை தாமே படியேறி வந்து கையொப்பமிட்டவர், ஒரே இரவில் எல்லாவற்றிற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பவராகிவிடுகிறார். சேமிப்பு, காப்பீடு ஆகியவற்றைக் குறித்து எழுதும் இப்பக்கங்களில் இம்முறை இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைச் சில வாரங்களில் கரைத்துவிடக்கூடிய நிகழ்வுகளுள் முதியோர் விழுதலும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளில், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிரிழப்போரில் பெரும் பங்கினர் 60 வயதைக் கடந்தோர். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே 60 வயதுக்கு மேற்பட்டோர் 10 கோடிக்கும் அதிகமாக இருந்தனர். பிள்ளைகள் வேறு நகரங்களில் பணிபுரிய, முதிய தம்பதியர் தனித்து வாழும் வீடுகள் பெருகியுள்ளன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவரையோ, பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரையோ, மறதி நோய் உள்ளவரையோ இரவெல்லாம் கண்விழித்துக் காப்பது ஒருவரால் நெடுநாள் இயலாத செயலாகும். அத்தகைய வீடுகளுக்கு உதவும் பொருட்டு விற்கப்படும் கருவியே அசைவு எச்சரிக்கை மணி.

கருவியின் வகைகள்

நோயாளி படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழ முற்படுவதை உணர்ந்து, உதவிக்கு உள்ளவரை அழைப்பதே இக்கருவியின் பணி. நடைமுறையில் நான்கு வகைகள் உள்ளன.

முதலாவது, அழுத்தத்தை உணரும் சென்சார் விரிப்பு. இது மெத்தைக்கு மேலோ கீழோ, அல்லது நாற்காலியின் இருக்கையிலோ வைக்கப்படும். உடலின் எடை விரிப்பை விட்டு நீங்கியதும் மணி ஒலிக்கும்.

இரண்டாவது, கயிறும் காந்தமும் கொண்ட வகை. கயிற்றின் ஒரு முனை நோயாளியின் சட்டையில் கிளிப்பால் பொருத்தப்படும். மறுமுனையில் உள்ள காந்தம் மணிப்பெட்டியில் ஒட்டியிருக்கும். அவர் எழுந்து அமர்ந்தால் கயிறு இழுபட்டுக் காந்தம் விடுபடும், மணி ஒலிக்கும். நான்கிலும் எளிமையானது இதுவே.

மூன்றாவது, கட்டிலருகே தரையில் விரிக்கும் சென்சார் மிதியடி. பாதம் அதன்மீது பட்டவுடன் ஒலிக்கும்.

நான்காவது, அகச்சிவப்புக் கதிர் உணரி. உடல் வெப்பத்தின் அசைவைக் கண்டறியும் இச்சிறு பெட்டியைக் கட்டிலின் ஓரத்தை நோக்கி வைப்பர். நோயாளியின் உடலோடு எதையும் பிணைக்க வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. பூனையோ, அறைக்குள் வேறு எவரேனுமோ கடந்து சென்றாலும் ஒலித்துவிடும் என்பது இதன் குறை.

இவற்றுள் மணியோசை நோயாளியின் அறையில் எழுவதா, உதவுபவரின் அறையில் எழுவதா என்பது முக்கியமான வேறுபாடு. கம்பியில்லாத் தொடர்பின் மூலம் அடுத்த அறையில் உள்ள சிறு பெட்டியில் ஒலிக்கும் வகையே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது. அரைத்தூக்கத்தில் எழும் முதியவரின் தலைமாட்டில் திடீரெனப் பேரொலி எழுந்தால் அவர் திடுக்கிட்டு, அதனாலேயே தடுமாறக்கூடும்.

கருவி எதைச் செய்யாது?

வாங்குமுன் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். இக்கருவி எவரையும் தாங்கிப் பிடிப்பதில்லை. விழுதலைத் தடுப்பது, மணியோசை கேட்டு வந்து கைகொடுக்கும் மனிதரே. அவர் இல்லையெனில், அல்லது தாமதித்து வந்தால், கருவி ஒரு விபத்தின் அறிவிப்பாக மட்டுமே அமையும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 16 நோயாளர் பிரிவுகளில் 27,672 உள்நோயாளிகளை உள்ளடக்கி நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2012ஆம் ஆண்டு வெளியாயின. சில பிரிவுகளில் செவிலியருக்குப் பயிற்சி அளித்துப் படுக்கை மணிகளின் பயன்பாட்டைப் பெருமளவு உயர்த்தினர். ஆயினும் விழுவோரின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. இடுப்பு விரிப்பை விட்டு நீங்கும்போதுதான் மணி ஒலிக்குமெனில், அதற்கடுத்த சில நொடிகளில் நோயாளி நின்றுவிடுகிறார். உதவுபவர் தூக்கம் கலைந்து, விளக்கிட்டு, அறையைக் கடந்து வர அரை நிமிடமேனும் ஆகலாம். மேலும், புரண்டு படுத்தாலே ஒலிக்கும் மணி, சில இரவுகளில் கேட்பவரின் காதுக்குப் பழகிவிடுகிறது. பின்னர் உண்மையாகவே எழுந்தபோதும் அவர் விரைந்து வருவதில்லை.

வங்கியாளர்களாகிய எங்களுக்கு இது புதிய செய்தியன்று. கிளையின் பெட்டக அறையில் எச்சரிக்கை மணி உண்டு. அது ஒலித்தால் எவர் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்பது உறுதியாயிருந்தால்தான் அம்மணிக்குப் பொருள் உண்டு. ஆகவேதான் அதைக் குறித்த காலத்தில் ஒலிக்கச் செய்து சோதிப்பது எங்கள் கடமைகளுள் ஒன்றாக உள்ளது. வீட்டில் வைக்கும் மணிக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

வாங்குமுன் ஓர் ஒத்திகை

பணம் செலவிடுமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். நோயாளி படுக்கையில் எழுந்து அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, எழுந்து நிற்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பகலில், ஒருவர் அருகில் நின்றபடியே அளந்துகொள்ளுங்கள். பிறகு இரவில் உதவுபவர் தம் படுக்கையிலிருந்து நோயாளியின் கட்டிலை அடைய எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளவிடுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாயின், எவ்வளவு விலையுயர்ந்த மணியும் அந்த இடைவெளியை நிரப்பாது. உதவுபவரின் படுக்கையை அருகே மாற்றுவதே முதல் தீர்வு. அது செலவற்ற தீர்வும்கூட.

உதவுபவர் எவர் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். வீட்டில் ஐவர் இருந்தும், ஒவ்வொருவரும் மற்றவர் எழுவார் என்று எண்ணிப் படுத்திருப்பதுண்டு. பெரும்பாலும் இச்சுமை வீட்டிலுள்ள ஒரு பெண்ணின்மீது, மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ உள்ளவர்மீது, சொல்லாமலே விழுகிறது. திங்கள் முதல் வியாழன் வரை ஒருவர், வெள்ளி முதல் ஞாயிறு வரை மற்றொருவர் என்று முறை வகுத்துக்கொள்வது நோயாளிக்கும் நல்லது. தூக்கமின்றி வாடும் உதவியாளர் தாமே தடுமாறி விழும் வாய்ப்பும் உள்ளது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சென்சார் விரிப்பைத் தோள்பட்டைக்குக் கீழே வைத்தால், முதுகு படுக்கையை விட்டு எழும்போதே மணி ஒலிக்கும். சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும். இடுப்புக்குக் கீழே வைத்தால் பொய்யோசை குறையும். ஆனால் எச்சரிக்கை தாமதமாகும். விரைந்து எழும் இயல்புடையவருக்கு முன்னதும், இரவெல்லாம் புரள்பவருக்குப் பின்னதும் ஏற்றவை. தேங்காய் நார் மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை நடுவில் குழிந்திருந்தால் விரிப்பின்மீது எடை சரியாக அழுந்தாது. மெலிந்த உடலினரின் எடையைக் கருவி உணர்கிறதா என்பதைக் கடைக்காரரின் சொல்லை நம்பாமல் நேரில் சோதித்து அறியுங்கள்.

கயிற்று வகையில் கிளிப்பைச் சட்டையின் பின்புறம், தோளருகே பொருத்த வேண்டும். கயிறு கழுத்தைச் சுற்றி வராதவாறு அமைய வேண்டும். கொசுவலை கட்டும் வீடுகளில் கயிறு வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் இவ்வகை ஏற்றதன்று. தரை மிதியடி வகையில், அதன் விளிம்பே காலைத் தடுக்காதவாறு தரையோடு படிந்திருக்க வேண்டும்.

மின்தடை நேரும்போது கருவி இயங்குமா என்பது அடுத்த கேள்வி. பேட்டரியில் இயங்குவதாயின், பேட்டரி தீரும் நிலையை அறிவிக்கும் குறியொலி உண்டா என்று கேளுங்கள். சென்சார் விரிப்புகளுக்கு ஆயுட்காலம் உண்டு. மாற்ற வேண்டிய காலத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அந்நாளை விரிப்பின் மீதே எழுதி வையுங்கள். ஒவ்வோர் இரவும் நோயாளி படுத்தபின் ஒரு முறை மணியை ஒலிக்கச் செய்து சோதிப்பதை வழக்கமாக்குங்கள். பகலில் அணைத்து வைத்த கருவியை இரவில் இயக்க மறப்பதே எளிதில் நேரக்கூடிய பிழை.

மணிக்கும் ஒரு பேரேடு

இக்கருவியின் பெரும் பயன் பலர் அறியாதது. மணி எப்போது ஒலித்தது, அவர் எதற்காக எழுந்தார் என்பதைக் கட்டிலருகே ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், விழுதலின் காரணமே கண்முன் தெரியவரும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 78 வயதுப் பெரியவர். ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். பத்து இரவுகளில் மணி 14 முறை ஒலித்தது. அவற்றுள் 9 முறை நள்ளிரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே, சிறுநீர் கழிப்பதற்காக. 3 முறை அதிகாலை 5 மணிக்கு. மீதி 2 முறை வெறுமனே புரண்டதால். இக்கணக்கைப் பார்த்த பின் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையை இரவில் உட்கொள்கிறாரா, அதன் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அவர் எழும்வரை காத்திராமல், 12.45 மணிக்கு நாமே எழுப்பி அழைத்துச் செல்லலாம். அல்லது கட்டிலருகே கம்மோடு நாற்காலியோ யூரின் கேனோ வைக்கலாம். அதிகாலை எழுவது, பல்லாண்டுகள் ஆலைச் சங்குக்கு எழுந்த பழக்கம். அவ்வேளையில் ஒருவர் காப்பியுடன் அருகிருந்தால் போதும்.

இவ்வாறு, மணி ஒலிக்கும் முன்பே நாம் செல்லத் தொடங்கும்போதுதான் கருவி தன் பணியை முழுமையாகச் செய்ததாகக் கொள்ளலாம். வரவு செலவைப் பதிவு செய்யாதவருக்குப் பணம் எங்கே போகிறது என்று தெரியாததுபோல், மணியோசையைப் பதிவு செய்யாதவருக்கு அபாயம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுவதும் நன்று. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ குறைந்தால், அது கவனிக்கத்தக்க குறைவு என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். எழுந்தவுடன் தலைசுற்றுவதாகக் கூறுபவருக்கு இச்சோதனையைச் செய்யுமாறு கேளுங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றின் பங்கையும் அவர் ஆராய்வார். எந்த மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடாது.

மணியோடு சேர வேண்டியவை

விழுதலுக்குப் பல காரணங்கள் ஒன்றுகூடுவதால், தடுப்பும் பலவாக அமைய வேண்டும். கட்டிலிலிருந்து கழிவறை வரை விடிவிளக்கு எரிய வேண்டும். வழியில் மின்கம்பி, மடங்கிய மிதியடி, தண்ணீர்ச் செம்பு ஆகியவை கிடத்தல் கூடாது. கழிவறையில் உறுதியாகச் சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி வேண்டும். துணி உலர்த்தும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. ஓரத்தில் அமரும்போது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில் கட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி, கைத்தடி, தண்ணீர் ஆகியன கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எழுந்ததும் ஓரிரு நிமிடம் அமர்ந்திருந்து, பிறகே நிற்கும் பழக்கம் வேண்டும்.

நோயாளியின் இசைவும் இன்றியமையாதது. சட்டையில் கயிற்றைக் கட்டுவதைத் தம்மைக் கட்டிப்போடுவதாகவே சில பெரியவர்கள் உணர்வர். கருவி அவரைக் கண்காணிப்பதற்காக அன்று, அவர் அழைக்காமலே உதவி வருவதற்காக என்று பொறுமையாக எடுத்துரைக்க வேண்டும். மணி ஒலித்து ஓடிவருபவர், ஏன் எழுந்தீர்கள் என்று கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் மணிக்குத் தெரியாமல் எழ வழி தேடுவார். என்ன வேண்டும் என்று கேட்பதே முறை. மணிக்கு அஞ்சி எழவே தயங்கும் நிலையும் வரக்கூடாது. அசைவின்றிக் கிடந்தால் கால்களின் வலிமை குன்றி, விழும் அபாயம் மேலும் கூடும். பகலில் துணையோடு நடப்பது அவசியம்.

செலவும் உதவியும்

சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்படும் கருவியை வாங்குவதைவிட வாடகைக்குப் பெறுவது சிக்கனமாகலாம். மருத்துவக் கட்டில், சக்கர நாற்காலி ஆகியவற்றை வாடகைக்கு விடும் கடைகளில் இதையும் விசாரியுங்கள். வாங்குவதாயின், மாற்று விரிப்பின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மீண்டும் மீண்டும் வரும் செலவு அதுவே. மருத்துவக் காப்பீடு இதற்கான தொகையைத் தரும் என்று எண்ணி வாங்குதல் கூடாது. பாலிசியின் விதிகளை முதலில் படித்தறிய வேண்டும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு நடைக்கோல், வாக்கர், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தை மத்திய அரசு 2017 முதல் நடத்தி வருகிறது. 70 வயது நிறைந்தோர், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை குடும்ப அளவிலான காப்பு பெறும் வசதி 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இவை குறித்த விவரங்களுக்கு முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

விழுந்துவிட்டால், பதற்றத்தில் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். இடுப்பிலோ முதுகிலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ காணப்பட்டாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், அசைக்காமல் 108 அல்லது 112ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் தலையில் இலேசாக அடிபட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

வங்கியின் பங்கு

நடமாட்டம் குறைந்த வாடிக்கையாளர் வங்கிக்காகத் தம் உடலை அபாயத்திற்கு உட்படுத்த வேண்டியதில்லை. 70 வயதைக் கடந்தோருக்கும், உடல்நலம் குன்றியோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் வழங்குதல், வாழ்நாள் சான்று பெறுதல் போன்ற அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே அளிக்க வங்கிகள் முயல வேண்டுமென இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தியுள்ளது. கையொப்பமிட இயலாதவர், வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகளின் முன்னிலையில் கைரேகை வைத்துத் தம் கணக்கிலிருந்து பணம் பெறலாம். தம்பதியர் தம் கணக்கை இருவருள் எவரேனும் இயக்கும் வகையில் முன்கூட்டியே மாற்றிக்கொண்டால், ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போது மற்றவர் பணத்திற்காக அலைய நேராது. தொலைபேசி ஒலித்தது என்பதற்காக எந்தப் பெரியவரும் பதறி எழ வேண்டியதில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். எங்கள் அழைப்பாயினும் அது காத்திருக்கும்.

கருவியை வாங்கும் எண்ணம் இருப்பின், இன்றிரவே இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் எழுந்து நிற்க ஆகும் நொடிகள், நீங்கள் அவரை அடைய ஆகும் நொடிகள். எந்தக் கருவியை வாங்கலாம் என்பதை அந்த இரண்டு எண்களே கூறும்.